ஏஆர்பி எந்த லேயர், பிஜிபி எந்த லேயர்? நெறிமுறைகளை அடுக்குகளில் வைப்பது எப்படி?

கடைசிவருடம்
எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. வலைத்தொடர்பை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயரையும் (1 பிசிக்கல், 2 டேட்டா லிங்க், 3 நெட்வொர்க், 4 டிரான்ஸ்போர்ட், 5 செஷன், 6 பிரசன்டேஷன், 7 அப்ளிகேஷன்) தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு நெறிமுறையின் பெயரைச் சொல்லி இது எங்கே வரும் என்று கேட்டால் குழப்பம். ஏஆர்பி (ஐபி முகவரியைக் கொடுத்து, அதற்குரிய வன்பொருள் முகவரியான மேக் முகவரியைக் கேட்பது) ஒரு புத்தகத்தில் இரண்டாவது லேயர், இன்னொன்றில் மூன்றாவது. இணையத்தில் தேடினால் இரண்டரை என்கிறார்கள். பிஜிபி (ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்வது) டிசிபி-யின் (தரவைத் தொலையாமல் கொண்டுசேர்ப்பது) மேல் ஓடுகிறது, அப்படியானால் அது அப்ளிகேஷன் லேயரா? ரவுட்டர்கள் பேசிக்கொள்வது எப்படி அப்ளிகேஷன் ஆகும்? எச்டிடிபிஎஸ்-இல் மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் எங்கே? ஏதாவது ஒரு விதி இருந்தால் சொல்லுங்கள்.

புள்ளிவைத்தகோடு
தேர்வுக்கு என்றால் உங்கள் பல்கலைக்கழகப் பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். மதிப்பெண் போய்விடும். இன்டர்வியூ என்றால் காரணத்தோடு சொல்லுங்கள், எந்த எண் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

நெட்அட்மின்_கோவை
தம்பி, குழப்பத்துக்குக் காரணம் உங்கள் படிப்பு இல்லை. "எந்த லேயர்?" என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நெறிமுறை எதன் மேல் ஏறிப் போகிறது? யாருடைய வேலையைச் செய்கிறது? பெரும்பாலான நெறிமுறைகளுக்கு இரண்டுக்கும் ஒரே பதில் வரும், அதனால் பிரித்துக் கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. ஏஆர்பி, பிஜிபி போன்றவற்றில் பதில்கள் பிரிந்துபோகின்றன. அங்கேதான் புத்தகங்கள் சண்டை போடுகின்றன.

வயர்ஷார்க்கை (வலையில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் நிரல்) திறந்து ஒரு ஏஆர்பி கோரிக்கையைப் பிடித்துப் பாருங்கள். முதலில் ஈதர்நெட் ஹெடர், அதாவது தரவுக்கு முன்னால் ஒட்டும் முகவரித் தகவல். பெறுநர் முகவரி முழுக்க எஃப், அதாவது எல்லோருக்கும். வகை என்ற இடத்தில் ஹெக்ஸில் 0806 (ஐபிவி4 என்றால் அங்கே 0800 இருக்கும்). அதற்கடுத்து நேராக ஏஆர்பி-யின் 28 பைட். நடுவில் ஐபி ஹெடர் கிடையாது. ஆகவே ஈதர்நெட் மேல் நேரடியாக ஏறிப் போகிறது. ரவுட்டரைத் தாண்டாததும் அதனால்தான். அந்த 28 பைட்டுக்குள் என்ன இருக்கிறது? அனுப்பியவரின் மேக் முகவரி, ஐபி முகவரி, தேடப்படுபவரின் ஐபி முகவரி, அவருடைய மேக் முகவரிக்கான இடம் மட்டும் காலியாக. ஐபி அடுக்கு ஒரு பாக்கெட்டைப் பக்கத்து இயந்திரத்துக்குக் கொடுக்க வழி தெரியாமல் நிற்கும்போது, அதற்காக ஓடும் வேலை இது. ஏறிப் போவது 2-இன் மேல், வேலை செய்வது 3-க்காக.

இதையே ஐபிவி6-இல் பாருங்கள். அங்கே ஏஆர்பி கிடையாது. அதே "உன் மேக் முகவரி என்ன" என்ற கேள்வி, ஐசிஎம்பிவி6 (ஐபி-யின் பிழை, நிலைச் செய்திகளுக்கான நெறிமுறை) செய்தியாக, ஐபிவி6 ஹெடருக்குள்ளே போகிறது. வேலை அப்படியே இருக்க, இடம் மட்டும் ஐபி-க்குக் கீழிருந்து மேலே மாறிவிட்டது. எதன் மேல் ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து எண் கொடுத்தால், ஒரே வேலைக்கு வி4-இல் ஓர் எண், வி6-இல் வேறோர் எண் வரும். அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்?

ரவுட்டிங்_அக்கா
ரவுட்டிங் நெறிமுறைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நான்கை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐஎஸ்-ஐஎஸ் நேராக ஈதர்நெட் ஃபிரேமுக்குள்ளேயே போகிறது, ஐபி-யே தேவையில்லை. ஓஎஸ்பிஎஃப் ஐபி-க்குள் 89 என்ற நெறிமுறை எண்ணோடு போகிறது, டிசிபி-யும் இல்லை, யுடிபி-யும் (சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்புவது) இல்லை. ரிப் யுடிபி 520-ஆவது போர்ட். பிஜிபி டிசிபி 179. நான்கும் கடைசியில் செய்வது ஒன்றைத்தான்: எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்ற பட்டியலை நிரப்புவது. அந்தப் பட்டியலைப் படிப்பது ஐபி.

பிஜிபி டிசிபி-யை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஓஎஸ்பிஎஃப் தன் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, தொலைந்தால் திரும்ப அனுப்ப, தனக்கென்று ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பிஜிபி-யை வடிவமைத்தவர்கள் அந்தத் தலைவலியை டிசிபி-யிடம் விட்டுவிட்டார்கள். இன்டர்வியூவில் நான் ஆளெடுக்கும்போது "பிஜிபி 7-ஆவது லேயர்" என்று ஒற்றை வரியில் சொல்பவரைவிட, "டிசிபி மேல் ஓடுகிறது, ஆனால் மூன்றாவது லேயருக்கான பட்டியலை நிரப்புகிறது" என்பவரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கடைசிவருடம்
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அப்படியென்றால் ஓஎஸ்ஐ மாடலை உருவாக்கியவர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லையா?

கணினி_ஆசிரியை
யோசித்தார்கள். அவர்கள் யோசித்தது வேறு நெறிமுறைகளை வைத்து. நம் பாடப்புத்தகங்கள் இந்த வரலாற்றைச் சொல்லாமல் நேராக ஏழு பெட்டிகளை வரைந்துவிடுகின்றன. வகுப்பில் நான் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன், அவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

கால வரிசையைப் பாருங்கள். வின்ட் செர்ஃபும் பாப் கானும் டிசிபி பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1974 மே மாதம். அப்போது ஐபி என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாமே டிசிபி-க்குள். 1977 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார்: இரு முனைகளுக்கு இடையிலான நம்பகத்தன்மையையும் பாக்கெட்டுக்கு வழிகாட்டுவதையும் ஒரே நெறிமுறை செய்கிறது, அடுக்குகளைப் பிரிக்கும் கொள்கையை மீறுகிறோம், பிரித்துவிடவேண்டும் என்று. குரலை நேரலையாக அனுப்ப முயன்றவர்களுக்கும் இதே தேவை இருந்தது. தொலைந்த குரல் துண்டு தாமதமாகத் திரும்பி வந்து என்ன பயன்? 1978-இல் டிசிபி தனி, ஐபி தனி என்று பிரித்தார்கள். யுடிபி 1980-இல் வந்தது. ஐபி, டிசிபி இரண்டுக்குமான ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்) 791, 793 வெளியானது 1981 செப்டம்பர். 1983 ஜனவரி 1-இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபி-க்கு மாறிவிட்டது.

ஓஎஸ்ஐ? பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ அதற்கான துணைக்குழுவை அமைத்தது 1977-இல். சார்லஸ் பாக்மன் தலைவர். ஹூபர்ட் சிம்மர்மன் எழுதிய புகழ்பெற்ற விளக்கக் கட்டுரை 1980. ஐஎஸ்ஓ 7498 தரநிலை 1984. அதாவது டிசிபி/ஐபி நிஜமான இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்த பிறகுதான் மாடல் தரநிலையாகிறது. அந்த மாடலுக்கென்றே தனி நெறிமுறைகளும் இருந்தன: ஐபி இடத்தில் சிஎல்என்பி, டிசிபி இடத்தில் டிபி4, மின்னஞ்சலுக்கு எக்ஸ்.400, முகவரிப் புத்தகத்துக்கு எக்ஸ்.500. அமெரிக்க அரசு 1990-இல் தன் துறைகள் ஓஎஸ்ஐ-யையே வாங்கவேண்டும் என்று விதி கொண்டுவந்து, 1995-இல் தளர்த்தியது. நெறிமுறைகள் தோற்றன, மாடல் மட்டும் பாடத்திட்டத்தில் தங்கிவிட்டது. ஒன்றுக்காக வரைந்த படத்தில் இன்னொன்றைப் பொருத்தச் சொல்லி மாணவர்களிடம் கேட்கிறோம். சில இடங்களில் இடிப்பதில் வியப்பில்லை.

கோட்_எழுதுபவன்
அப்புறம் எதற்கு டீச்சர் ஏழு லேயரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 தெளிவாக நான்குதான் சொல்கிறது: லிங்க், இன்டர்நெட், டிரான்ஸ்போர்ட், அப்ளிகேஷன். செஷன், பிரசன்டேஷன் என்று நான் எழுதும் எந்த நிரலிலும் பார்த்ததில்லை. நான்கை மட்டும் சொல்லிக்கொடுத்தால் மாணவர்களுக்குப் பாரம் குறையுமே.

கணினி_ஆசிரியை
நியாயமான கேள்வி. நான்கை முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த இரண்டு அடுக்கின் வேலைகள் எங்கும் போய்விடவில்லை. ஜேசன், யுடிஎஃப்-8 இரண்டும் என்ன செய்கின்றன? ஓர் இயந்திரத்தில் உள்ள தரவை இன்னோர் இயந்திரம் அதே பொருளில் படிக்கும்படி வடிவம் கொடுக்கின்றன. பிரசன்டேஷன் அடுக்கின் வேலை அதுதான். அந்த வேலைக்காக ஓஎஸ்ஐ உலகில் புழங்கிய ஏஎஸ்என்.1 இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு எச்டிடிபிஎஸ் தளத்தின் சான்றிதழும் எக்ஸ்.509 வடிவம், அது எக்ஸ்.500 குடும்பம், எழுதப்பட்டிருப்பது ஏஎஸ்என்.1-இல். அலுவலகத்தில் ஊழியர் கணக்குகளைத் தேடப் பயன்படுத்தும் எல்டாப் எக்ஸ்.500-இன் எளிய வடிவமாகப் பிறந்தது. மேலே அக்கா சொன்ன ஐஎஸ்-ஐஎஸ் கூட ஓஎஸ்ஐ-க்காக எழுதப்பட்டு, 1990-இல் ஐபி-க்கும் விரிவாக்கப்பட்டது.

இன்னொன்று. ஓஎஸ்ஐ-யில் நான் மதிப்பது ஏழு என்ற எண்ணிக்கையை இல்லை. ஓர் அடுக்கு மேலே உள்ளதற்குக் கொடுக்கும் சேவை வேறு, அதை நிறைவேற்ற எதிர்முனையில் உள்ள தன் இணையோடு பேசும் நெறிமுறை வேறு என்று அது தெளிவாகப் பிரித்தது. சேவை மாறாதவரை உள்ளே நெறிமுறையை மாற்றிக்கொள்ளலாம். 1981-இல் எழுதிய டிசிபி, 1997-இல் வந்த வைஃபை மேல் ஓடுவது இதனால்தான். அப்போதுகூட ஒரு சிக்கல் இருந்தது. ரேடியோவில் பாக்கெட் தொலைந்தால், டிசிபி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் வைஃபை தன் அடுக்கிலேயே ஒப்புதல் கேட்டு, வராவிட்டால் திரும்ப அனுப்புகிறது. மேலே உள்ள டிசிபி-க்கு அது தெரியவே தெரியாது.

கோட்_எழுதுபவன்
ஜேசன் உதாரணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். டிஎல்எஸ்?

நெட்அட்மின்_கோவை
அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எதன் மேல் ஏறுகிறது? வரிசை மாறாமல் நம்பகமாகக் கொண்டுசேர்க்கும் ஒன்று கீழே வேண்டும், வழக்கமாக டிசிபி. யாருக்காக வேலை செய்கிறது? எச்டிடிபி-க்கு. எச்டிடிபி-யின் பார்வையில் டிஎல்எஸ் இன்னொரு டிரான்ஸ்போர்ட் போலத்தான் தெரியும். நான்கு அடுக்கு மாடலில் அப்ளிகேஷனுக்குள் அடங்கிவிடும், ஏழில் 5, 6 என்று இழுபறி. எண்ணை விட்டுவிட்டு "டிசிபி-க்கு மேலே, எச்டிடிபி-க்குக் கீழே" என்று சொல்லிவிட்டால் விவாதமே இல்லை.

குவிக் (யுடிபி மேல் ஓடும் புதிய டிரான்ஸ்போர்ட் நெறிமுறை) வந்தபோது இதுவும் மாறியது. 2021 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9000 படி, டிஎல்எஸ் 1.3-இன் கைகுலுக்கல் (தரவுக்கு முந்தைய தொடக்கப் பரிமாற்றம்) குவிக்குக்குள்ளேயே நடக்கிறது, மொத்தமும் யுடிபி மேல். டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ்-க்கு ஒரு சுற்று என்று இரண்டு சுற்று காத்திருந்த இடத்தில் ஒரே சுற்று போதும். இரண்டு அடுக்கைத் தனித்தனியாக வைத்திருந்தால் இந்தச் சேமிப்பு கிடைத்திருக்காது. நல்ல காரணம் இருந்தால் எல்லைக்கோட்டை அழிக்கலாம் என்பதற்கு என் வேலைக்காலத்தில் பார்த்த மிகச்சிறந்த எடுத்துக்காட்டு இது.

ஏன் யுடிபி மேல்? புதிதாக ஒரு நெறிமுறை எண் வாங்கி ஐபி மேல் நேராகப் போயிருக்கலாமே? டிசிபி போன்ற இன்னொரு டிரான்ஸ்போர்ட்டான எஸ்சிடிபி அப்படித்தான் போனது, எண் 132, முதல் ஆர்எஃப்சி 2000-ஆம் ஆண்டு. தொலைபேசி நிறுவனங்களின் உள்வலைகளில் நன்றாக ஓடுகிறது. பொது இணையத்தில் மட்டும் தடம் பதிக்க முடியவில்லை. வீட்டு ரவுட்டரில் உள்ள நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு), நிறுவனங்களின் ஃபயர்வால் எல்லாம் டிசிபி-யையும் யுடிபி-யையும் மட்டுமே தெரிந்து வைத்திருக்கின்றன. நடுவில் இருப்பவை மூன்றாவது அடுக்கோடு நிறுத்தியிருந்தால் எஸ்சிடிபி-யின் கதை வேறாக இருந்திருக்கும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஃபைபர்_தம்பி
அண்ணா, நான் படித்தது டிப்ளமோ, வேலை வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுப்பது. இந்த லேயர் பேச்சு எங்கள் வேலைக்கு உதவுமா என்று பார்க்க ஒரு கேஸ் சொல்கிறேன். ஒரு வீட்டில் வாடிக்கையாளர் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். பிபிபிஓஇ (ஈதர்நெட் மேல் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைவது) லாகின் ஆகிவிட்டது, ஐபி வந்துவிட்டது, பிங் போகிறது, பெயரும் ஐபி-யாக மாறுகிறது. யூடியூப் அருமையாக ஓடுகிறது. ஆனால் ஒரு வங்கித் தளமும் வேறு சில தளங்களும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன, திறப்பதே இல்லை. பழைய ரவுட்டரை மாட்டினால் எல்லாம் சரி. லைட் சிக்னலும் சரியான அளவில் இருக்கிறது. இது எந்த லேயர் பிரச்சினை?

நெட்அட்மின்_கோவை
தம்பி, இந்த இழைக்கு இதைவிடப் பொருத்தமான கேஸ் கிடைக்காது. கீழிருந்து மேலே போவோம்.

ஈதர்நெட் ஃபிரேமுக்குள் 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது: 6 தன் ஹெடருக்கு, 2 பிபிபி-க்கு. பாருங்கள், பிபிபி இரண்டாவது அடுக்கு, ஈதர்நெட்டும் இரண்டாவது அடுக்கு, ஒன்றின் முதுகில் இன்னொன்று. ஐபி-க்கு மிஞ்சுவது 1492.

வீட்டிலிருக்கும் மடிக்கணினிக்கு இது தெரியாது. அதற்குத் தன் வைஃபை 1500 என்றுதான் தெரியும். டிசிபி இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்கும் டிசிபி தரவின் உச்ச அளவு) 1460 என்று அறிவிக்கிறது: 1500-இல் ஐபி ஹெடர் 20, டிசிபி ஹெடர் 20 போக மீதி. எதிரே உள்ள சர்வரும் 1500 பைட் பாக்கெட் அனுப்பலாம் என்று நம்பிவிடுகிறது.

கைகுலுக்கல் பாக்கெட்டுகள் சிறியவை, போய்விடும். பிங்கும் சிறியது, போய்விடும். உலாவியின் முதல் டிஎல்எஸ் செய்தியும் பொதுவாகத் தாண்டிவிடும். பதிலுக்கு சர்வர் தன் சான்றிதழ்களை அனுப்புகிறது. அது வழக்கமாகச் சில ஆயிரம் பைட், ஆகவே முழு 1500 பைட் பாக்கெட்டுகளாக வருகிறது. உங்கள் பக்கத்து முனையில் வழி 1492 தான். பாக்கெட்டில் "துண்டாக்காதே" என்ற குறி இருப்பதால் அதைக் கீழே போட்டுவிட்டு, "ரொம்பப் பெரிது, 1492-க்குள் அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி சர்வருக்குப் போகவேண்டும். 1990-இல் ஆர்எஃப்சி 1191 சொன்ன ஏற்பாடு இது. சில தளங்களின் முன்னால் உள்ள ஃபயர்வால் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் தடுத்துவிடுகிறது. செய்தி சேராது, சர்வர் அதே 1500 பைட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், உலாவி சுற்றிக்கொண்டே நிற்கும்.

யூடியூப் ஏன் ஓடியது? பெரும்பாலும் குவிக் வழியாகப் போயிருக்கும். குவிக் 1200 பைட் அளவில் தொடங்குகிறது. பெரியது போகிறதா என்று தானே சோதித்துப் பார்த்துத்தான் கூட்டும்.

பழைய ரவுட்டர் ஏன் சரியாக இருந்தது? தன் வழியாகப் போகும் சின் பாக்கெட்டைத் திறந்து 1460-ஐ 1452 என்று திருத்தி அனுப்பியிருக்கும். புதியதில் அது அணைந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. காரணம் இரண்டாவது அடுக்கின் 8 பைட். சொல்லவேண்டிய செய்தி மூன்றாவது அடுக்கில் தடுக்கப்பட்டது. திருத்தம் நான்காவது அடுக்கில். கண்ணுக்குத் தெரிவது டிஎல்எஸ்-இல். ஒரே எண்ணைச் சொல்லச்சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஆனால் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இந்தப் பிரச்சினையைப் பிடிக்கவும் முடியாது. உதவுமா என்று கேட்டீர்களே, உங்கள் வேலைக்குத்தான் அதிகம் உதவும்.

சோதித்துப் பாருங்கள்: துண்டாக்காதே குறியுடன் 1464 பைட் தரவு வைத்து பிங் அடித்தால் போகும் (ஐசிஎம்பி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20 சேர்த்தால் 1492). 1465 வைத்தால் போகாது.

புள்ளிவைத்தகோடு
ரவுட்டர் மூன்றாவது லேயர் சாதனம். அது டிசிபி ஹெடரைத் திருத்துவது விதிமீறல் இல்லையா?

ரவுட்டிங்_அக்கா
மீறல்தான். ஆனால் டிசிபி-யே முழுச் சுத்தம் கிடையாது. அதன் செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் எண்) கணக்கில் ஐபி ஹெடரிலுள்ள இரண்டு முகவரிகளும் சேர்கின்றன. பாக்கெட் தவறான முகவரிக்குப் போய்விட்டால் கண்டுபிடிப்பதற்காக அப்படி வைத்தார்கள். அதனால்தான் நாட் ஐபி முகவரியை மாற்றும்போதெல்லாம் டிசிபி செக்சமையும் சேர்த்துத் திருத்தவேண்டியிருக்கிறது. கோப்பு அனுப்பும் எஃப்டிபி இன்னும் மோசம், தன் செய்திக்குள்ளேயே ஐபி முகவரியை எழுத்தாக அனுப்பும். நாட் செய்யும் பெட்டி அப்ளிகேஷன் வரை திறந்து அதை மாற்றவேண்டும். இதே பெட்டிகள்தான் எஸ்சிடிபி-யையும் முடக்கின என்று மேலே அண்ணன் சொன்னதைச் சேர்த்துப் படியுங்கள். எம்எஸ்எஸ் திருத்தத்தை நான் ஏற்பது, இரு முனைகளின் நடத்தையை அது உடைப்பதில்லை என்பதால். எஃப்டிபி திருத்தத்தை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

ஃபைபர்_தம்பி
அண்ணா, இப்போதுதான் அந்த வீட்டிலிருந்து வருகிறேன். 1464 போனது, 1465 போகவில்லை. ரவுட்டர் அமைப்புகளில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்று இருந்ததை ஆன் செய்து 1452 கொடுத்தேன். வங்கித் தளம் உடனே திறந்தது. வாடிக்கையாளர் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முடிவில் இருந்தார். இன்னொன்று கேட்கவேண்டும். இந்த இணைப்பில் ஐபிவி6-ம் வருகிறது. அதற்கும் 1452 தானா?

நெட்அட்மின்_கோவை
இல்லை தம்பி. ஐபிவி6 ஹெடர் 40 பைட். 1492-இல் 40, டிசிபி-க்கு 20 கழித்தால் 1432. வி4-க்கும் வி6-க்கும் தனித்தனி விதியாகப் போடுங்கள். ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்கவே செய்யாது, ஆகவே ஐசிஎம்பிவி6-ஐ எங்கும் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் மேலே சொன்ன பக்கத்து இயந்திரத்தின் மேக் முகவரியைக் கேட்கும் வேலையும் சேர்ந்து நின்றுவிடும். உங்கள் நிறுவனத்தின் கருவிகள் ஈதர்நெட் ஃபிரேமுக்குள் 1508 பைட் தாங்கும் என்றால், ஆர்எஃப்சி 4638 படி பிபிபிஓஇ மேலேயே முழு 1500 கொடுக்கலாம். இரண்டு முனையும் ஒத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள்.